சாய்வு வியூகம்

உலகக் கால்பந்து ரசிகப் பெருமக்கள் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: பதினொரு பேரும் ஒரு பந்தும் சேர்ந்து செய்யக்கூடிய காரியங்களில் இனிமேல் கண்டுபிடிக்க எதுவும் பாக்கி இல்லை. மிச்சம் மீதி இருந்ததையும் பாளையங்கோட்டையில், மே மாதம் பதினேழாம் தேதி, சாயங்காலம் ஐந்தேகாலுக்குக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதன் பெயர் சாய்வு வியூகம். ஐரோப்பாவிலிருந்து யாராவது கற்றுக்கொள்ள வருவதாக இருந்தால் ஜங்ஷனில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடிக்கவும்.

கண்டுபிடித்தவர் பெயர் கணேஷ்ராம். வயது முப்பத்திரண்டு. பந்தைக் காலால் தொட்டவர் அல்ல. சின்ன வயதில் ஒரு தடவை பந்துதான் அவரைத் தொட்டது, மூக்கில். அதற்குப் பிறகு விளையாட்டைத் தூரத்தில் இருந்தே நேசிக்கப் பழகிக்கொண்டார். தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் புள்ளியியல் நடத்திக்கொண்டிருந்தவரைப் பொருநை எஃப்.சி. தன் ஆட்டப் பகுப்பாய்வாளராக நியமித்தது. அப்படி ஒருவர் இல்லாவிட்டால் மாநிலத் தொழில்முறை லீக்கில் இருக்க முடியாது என்று விதியில் போட்டிருந்தது. சனி, ஞாயிறு மட்டும் வந்தால் போதும், மதியச் சாப்பாடு உண்டு.

முந்தைய வருஷம் பொருநை எஃப்.சி. பத்து அணிகளில் ஒன்பதாவது. பத்தாவதாக வந்த அணி பாதியில் கலைந்துபோயிருந்தது. இந்த வருஷம் மைதானம் மாற்றினார்கள். பாளையங்கோட்டையில் உயரமான மேற்குக் காலரியும் அதற்கு மேல் தகரக் கூரையும் உள்ள ஒரு மைதானத்தைக் குத்தகைக்குப் பிடித்தார்கள். பிப்ரவரியில் ஆரம்பித்து மே பாதிக்குள் சொந்த மைதானத்தில் ஒன்பது ஆட்டம், ஒன்பது வெற்றி, முப்பத்தோரு கோல். ஊரே கிறங்கிப்போனது. அல்வாக் கடை வரிசையில்கூட ஆஃப்சைடு பற்றிப் பேச்சு.

வெற்றிக்குக் காரணம் என்ன என்று பயிற்சியாளரைத்தான் முதலில் கேட்டார்கள். பயிற்சியாளர் இஸ்ரவேல் சார், மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பத்துநாலு வருஷம் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கால்பந்துக் கோட்பாடு இரண்டே சொல்லில் அடங்கும். பந்து நம்மிடம் இருந்தால் "பைய", எதிரியிடம் இருந்தால் "ஓடுலே".

"பயலுவ நல்லா ஓடுதானுவ," என்றார் இஸ்ரவேல் சார்.

இது ஒரு விளக்கமா? ஒன்பது வெற்றிக்கு இது போதுமா? பத்திரிகைக்காரர்கள் பேனாவை மூடினார்கள். அப்போதுதான் மடிக்கணினியைத் திறந்தபடி கணேஷ்ராம் முன்னால் வந்தார்.

காலரிக் கூரையில் காமிரா கட்டி ஒன்பது ஆட்டத்தையும் அவர் பதிவு செய்திருந்தார். ஒவ்வொரு வீரனும் எங்கே எத்தனை நேரம் நின்றான் என்று கணினி வண்ணம் தீட்டிக் காட்டும். அதற்கு ஹீட் மேப் என்று பெயர். ஆள் அதிகம் நின்ற இடம் சிவப்பு, நிற்காத இடம் வெள்ளை. அந்தப் படத்தில் கணேஷ்ராம் கண்டது இதுதான். பொருநை வீரர்கள் மைதானம் முழுக்கப் பரவி ஆடுவதில்லை. முதல் பாதியில் ஒன்பது பேர் வலது ஓரத்தில் அப்பிக்கொண்டு ஆடுகிறார்கள். இடைவேளை முடிந்ததும் அத்தனை பேரும் இடது ஓரத்துக்கு மாறிவிடுகிறார்கள். எதிரணி ஒழுங்காக அகலம் காத்து இரண்டு பேரை எதிர் ஓரத்தில் நிறுத்தி வைத்திருக்கும். அந்த இருவருக்கும் பந்தே வராது. இந்த ஓரத்தில் ஒன்பது பேருக்கு எதிராக ஆறு பேர். அதைவிட வியப்பு, நேரம் போகப் போகக் கூட்டம் மெதுவாக விரியும். கால் மணிக்கு ஒருமுறை சராசரியாக ஏழு மீட்டர். கடைசி இருபது நிமிஷத்தில் மைதானம் முழுவதும் பொருநைக்காரன்தான். எதிரணி அந்நேரம் நாக்குத் தள்ளி நிற்கும். முப்பத்தோரு கோலில் இருபத்திரண்டு, எழுபதாவது நிமிஷத்துக்குப் பிறகு.

"இது தற்செயல் இல்லை," என்றார் கணேஷ்ராம். "ஆறு ஒரு கரையை அரித்து, பிறகு வெள்ளமாக விரிவதைப் போன்ற இயக்கம். எதிரணிக்கு ஏற்படுவது உளவியல் தேய்மானம்."

வெளியூரில் ஆடிய ஒன்பது ஆட்டத்தில் ஆறு டிரா, மூன்று தோல்வி ஆயிற்றே என்று ஒருவர் கேட்டார்.

"வெளியூரில் வியூகத்தை ஒளித்து வைக்கிறோம்."

சபாஷ் என்று ஒரு குரல் எழுந்தது. கிளப்பின் தலைவர் பெருமாள்ராஜ் அண்ணாச்சி. திசையன்விளையில் சிமெண்டும் கம்பியும் வியாபாரம். கால்பந்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அது உருண்டை என்பது. ஆனால் பெரிய விஷயம் என்று எதையாவது யாராவது சொன்னால் அதைத் தானே சொன்னதாக நினைவு வைத்துக்கொள்ளும் சக்தி உண்டு.

"நாம ஜெயிக்கது காலால இல்ல, மூளையால," என்றார் அண்ணாச்சி, யாருடைய மூளை என்று சொல்லாமல். "தம்பி, இத பொஸ்தகமா போட்டுருவோம்."

பத்து நாளில் புத்தகம் வந்துவிட்டது. அறுபத்துநாலு பக்கம். அதில் அண்ணாச்சியின் படங்கள் பதினான்கு பக்கம். கல்யாண மண்டபத்தில் வெளியீடு, வந்தவர்களுக்கெல்லாம் புத்தகமும் கேசரியும். இணையத்திலும் ஏற்றினார்கள். அதோடு விட்டாரா? மற்ற அரையிறுதியில் ஜெயித்து ஓசூர் ஸ்டீலர்ஸ் இறுதியாட்டத்துக்கு வந்ததும், தங்கள் அரையிறுதி இன்னும் பாக்கி இருக்கும்போதே, அவர்களுடைய பயிற்சியாளருக்கு 'அன்பளிப்பு, பெருமாள்ராஜ்' என்று கையெழுத்துப் போட்டு ஒரு பிரதியைக் கூரியரில் அனுப்பினார்.

"அண்ணாச்சி, எதிராளிக்கேவா?" என்று கணேஷ்ராம் பதறினார்.

"படிச்சுட்டுப் பயந்து சாவட்டும்னுதான் வே."

கணேஷ்ராம் அதைப் பெரிதுபடுத்தவில்லை. காரணம், அன்று காலை அவருக்கு வந்திருந்த தொலைபேசி அழைப்பு. அழைத்தவர் ஹெப்ரான். பாளையங்கோட்டையில் பிறந்து, இருபது வருஷத்துக்கு முன்னால் மலை தாண்டிப் போய், இப்போது கேரளத்தில் அரபிக்கடல் எஃப்.சி. என்ற முதல் டிவிஷன் கிளப்புக்கு டெக்னிக்கல் டைரக்டராக இருப்பவர். புத்தகத்தை இணையத்தில் படித்திருந்தார்.

"ஜூன் ஏழாம் தேதி ஃபைனலுக்கு நானே வாரேன். ஒம்ம வியூகத்த ஒரு தடவ என் கண்ணால பாக்கணும். பாத்துட்டன்னா ஆர்டர் அங்கனயே கையெழுத்து. தலைமைப் பகுப்பாய்வாளர். மாசம் ஒரு லட்சத்து இருவதாயிரம்."

பார்த்துவிட்டால். அந்த ஒரு சொல் கணேஷ்ராம் காதில் விழவில்லை. மறுநாளே கல்லூரிக்குப் போய் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். கடிதத்தில், தன்னைப் புரிந்துகொள்ளாத நிர்வாகத்தைப் பற்றி ஒரு பத்தி தனியாக எழுதியிருந்தார். எனவே திரும்பிப் போகும் வழியும் அடைந்தது. மிச்சம் இருந்தது ஏழாம் தேதி மட்டும்.

அரையிறுதியும் இறுதியாட்டமும் அதே பாளையங்கோட்டை மைதானத்தில்தான். அரையிறுதி மே முப்பத்தொன்று. அதையும் பொருநை ஜெயித்தது, மூன்றுக்குச் சைபர். வெளியே டீக்கடையில் கணேஷ்ராம் வடையைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது பாராட்ட வருவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் வந்தார். மஞ்சள் சட்டை, கறுப்பு அரைக்கால்சட்டை, கையில் சுருட்டிய கொடி. இசக்கிச்செல்வி. அம்பாசமுத்திரம் பக்கம் அரசுப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. லீக்கில் எல்லைக்கோட்டு நடுவர். முகம் வெயிலில் வெந்து நிறம் மாறியிருந்தது.

"சார், நீங்கதான அந்தப் பொஸ்தகம் எழுதுனது?"

"ஆமா மேடம். படிச்சீங்களா?" கணேஷ்ராம் கையெழுத்துப் போடுவதற்காகப் பேனாவைத் தேடினார்.

"படிச்சேன். முப்பத்தாறாம் பக்கத்துல ஒரு படம் போட்டிருக்கிய. கெழக்கு ஓரம் பூரா வெள்ளையா கெடக்கு. அங்கன ஒரே ஒரு புள்ளி வச்சிருக்கலாம்லா?"

"எதுக்கு?"

"நான் அங்கனதான சார் நாலு மாசமா ஒத்தையில நின்னேன்!"

"நடுவர்களைக் கணக்கில் எடுக்கிறது இல்லை மேடம்."

"எடுத்திருந்தா வெளங்கியிருக்கும்." இசக்கிச்செல்வி ஒரு டீ சொன்னார். "சீனியர்னு அந்த இன்னொரு கொடிக்காரரு எப்பவும் மேக்குக் கோட்டப் புடிச்சுக்கிடுதாரு. எனக்குக் கெழக்கு. நாலு மணி வெயிலு நேரா மூஞ்சில அடிக்கி. ஒங்க பயலுவள்ல ஒருத்தனாச்சும் எங்கிட்டு எட்டிப் பாக்கணுமே! எல்லாவனும் காலரி நெழலுக்குள்ள. பந்து தப்பித் தவறி இங்கன உருண்டு வந்தா, 'நீ போலே', 'நீ போலே'ன்னு ஒருத்தன ஒருத்தன் தள்ளுதான்."

"நிழலா?"

"பின்ன? அம்பாசமுத்திரம் பஸ்ஸுல பொம்பளையாளுவ எந்தப் பக்கம் எடம் புடிக்காவளோ, அந்தப் பக்கம் ஒங்க டீம் ஆடுது. இதுக்குப் போயி அறுவத்துநாலு பக்கமா சார்?"

கணேஷ்ராம் கையில் இருந்த வடை ஆறியது. மண்டைக்குள் ஒவ்வொரு படமாகத் திரும்பியது. முதல் பாதியில் வலது, இரண்டாம் பாதியில் இடது. யாரும் ஓரம் மாறவில்லை. இடைவேளைக்குப் பிறகு அணிகள்தான் திசை மாறின; மேற்கு மேற்கிலேயே இருந்தது. கால் மணிக்கு ஏழு மீட்டர் விரிவு? சூரியன் இறங்க இறங்கக் கூரையின் நிழல் நீண்டது. வெளியூர் டிராக்கள்? அங்கெல்லாம் காலரிக்குக் கூரை கிடையாது. உளவியல் தேய்மானம்? எதிரணியின் இரண்டு பேர் ஒன்றரை மணி நேரம் கிழக்கே அடுப்பில் நின்று வெந்தார்கள். சிவப்பாகத் தெரிந்த இடம்தான் மைதானத்திலேயே குளிர்ச்சியான இடம்.

மைதானத்தின் வாசலிலேயே ஒரு பலகை தொங்கியது. மேற்குக் காலரி நூறு ரூபாய், கிழக்குக் காலரி இருபது. நாலு மாசமாக அந்தப் பலகைக்குக் கீழே குனிந்துதான் கணேஷ்ராம் உள்ளே போய் வந்தார்.

மறுநாள் காலைப் பயிற்சியில் இஸ்ரவேல் சாரைத் தனியாகப் பிடித்தார்.

"சார், நம்ம பையன்கள் நிழலுக்காகத்தான் மேற்கு ஓரம் ஆடுறாங்களா?"

"பின்ன, வெயில்ல எவம்வே ஓடுவான்?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"நானும் அந்த நெழல்லதான உக்காந்திருக்கேன்."

"ஏன் சார் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?"

"நீரு கேக்கலியே. கம்ப்யூட்டர வச்சுக்கிட்டு என்னமோ மும்முரமா எழுதிட்டிருந்தீரு. எழுதுத ஆளத் தொந்தரவு பண்ணப்பிடாதுன்னு விட்டுட்டேன்."

அணித்தலைவன் காஜா முகைதீன் பக்கத்தில் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தான். மேலப்பாளையத்துக்காரன், நடுக்கள வீரன். "மொதல்ல யாருப்பா இந்த யோசனை சொன்னது?" என்று கணேஷ்ராம் அவனையும் கேட்டுப் பார்த்தார். ஒரு சின்ன வியூகமாவது எங்காவது ஒளிந்திருக்காதா என்ற நப்பாசை.

"யாரு சொல்லணும் சார்? நெழல்ல ஒதுங்க மீட்டிங்கா போடுவாவ?"

கணேஷ்ராம் இரண்டு நாள் சோறு தின்னவில்லை. மூன்றாம் நாள், எல்லா அறிஞர்களையும் போலவே, தேறிவிட்டார். காரணம் எதுவாக இருந்தால் என்ன? வியூகம் வியூகம்தான். ஏழாம் தேதி நாலு மணிக்கு வெயில் அடிக்கும், நிழல் விழும், ஒன்பது பேர் மேற்கே ஒதுங்குவார்கள். ஹெப்ரான் பார்ப்பார், கையெழுத்துப் போடுவார். சூரியன் ஒருவன் ஒத்துழைத்தால் போதும். ஜூன் மாதத்தில் வெயில் அடிக்க வேண்டும் என்று நெல்லையப்பர் சந்நிதியில் தேங்காய் உடைத்த ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார்.

ஏழாம் தேதி காலையில் வெயில் பிளந்தது. கணேஷ்ராம் புதுச்சட்டை போட்டுக்கொண்டார். மதியம் இரண்டரைக்கு மேற்கே மலைப்பக்கம் ஒரு கறுப்புத் திட்டுத் தெரிந்தது. மூன்றுக்கு அது வானத்தில் பாதி. மூன்றரைக்குக் காற்று ஜிலுஜிலு என்று வந்தது, தூரத்து மழையின் மணத்தோடு.

"சாரல் லே! சாரல் காத்துலே!"

எட்டாயிரம் பேரும் கூத்தாடினார்கள். கிழக்குக் காலரியில் இருபது ரூபாய் கொடுத்தவர்கள் சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டு, எதிர்ப்பக்கம் நூறு ரூபாய் கொடுத்தவர்களைப் பார்த்துக் கையாட்டினார்கள். நூறு ரூபாய்க்காரர்கள் மீதி எண்பதைத் திருப்பிக் கேட்டு வாசலில் சத்தம் போட்டார்கள். மைதானம் முழுக்க ஒரே சீரான வெளிச்சம். நிழல் என்று ஒரு முழம்கூட இல்லை. கணேஷ்ராம் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

"என்ன வே, மேல என்ன தேடுதீரு?" என்று முதுகில் ஒரு தட்டு. ஹெப்ரான். ஜூன் மாதத்திலும் கோட்டுப் போட்டிருந்தார். கையில் புத்தகம், பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் அடிக்கோடு. "இங்கன உக்காரும் எம்பக்கத்துல. நீரு சொல்லச் சொல்ல நான் பாக்கேன்."

ஆட்டம் தொடங்கியது. ஓசூர்க்காரர்கள் நின்ற கோலத்தைப் பார்த்ததும் கணேஷ்ராமுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர்களும் புத்தகத்தைப் படித்திருந்தார்கள். பக்கம் விடாமல் படித்திருந்தார்கள். மேற்கு ஓரத்தில் ஆறு பேர், ரேஷன் கடை வரிசை மாதிரி நெருக்கியடித்து நின்றார்கள். பொருநைப் பையன்களோ நாலு மாசப் பழக்கத்தில் நேராக அந்த வரிசையிலேயே போய் முட்டினார்கள். பந்து போனது. பதினெட்டாவது நிமிஷம் ஓசூருக்கு ஒரு கோல். முப்பத்தாறில் இன்னொன்று.

"பொறி வைக்கீராக்கும்?" என்று ஹெப்ரான் கண்ணடித்தார்.

கணேஷ்ராம் தலையாட்டினார். வேறு என்ன செய்வார்?

இடைவேளை விசில் ஊதியதும் உடைமாற்றும் அறைக்கு ஓடினார். பெருமாள்ராஜ் அண்ணாச்சி அங்கே முன்னதாகவே வந்து, புத்தகத்தின் பதினோராம் பக்கத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். யாரும் கேட்கவில்லை.

"மேற்கை விட்றாதீங்கப்பா! வியூகத்தை விட்றாதீங்க!" என்றார் கணேஷ்ராம்.

ஜெய்சன் வாயில் இருந்த தண்ணீரைக் கொப்புளித்துத் துப்பினான். புன்னக்காயல் கடற்கரை மணலில் வெறுங்காலோடு ஓடி வளர்ந்தவன், அணியிலேயே வேகக்காரன். "மேக்க எங்க சார் போவ? ஆறு பேரு நிக்கான். கெழக்க பாத்தியளா? ஈ காக்கா இல்ல. புல்லு மெத்த கணக்கா கெடக்கு, நாலு மாசமா எவனும் மிதிக்கல்லா. இங்கிட்டு நாம மிதிச்சு மிதிச்சுக் கட்டாந்தர ஆக்கிட்டோம்."

"ஆனா கிழக்கே வெயில்..."

"வெயிலு எங்க சார் இருக்கு?"

கணேஷ்ராம் கதவை மறித்து நின்றார். "கிழக்கே போனா என் வேலை போச்சுப்பா."

"மேக்க போனா கப்பு போச்சு சார்," என்றான் காஜா முகைதீன்.

எல்லோரும் இஸ்ரவேல் சாரைப் பார்த்தார்கள். அவர் கணேஷ்ராமைப் பார்த்தார். பாவமாகத்தான் இருந்தது. பிறகு, அந்தப் பருவத்திலேயே அவர் வாயிலிருந்து வந்த ஒரே தந்திரோபாய உத்தரவு வந்தது.

"கெழக்க போங்கலே."

இரண்டாம் பாதி. பந்து காஜா முகைதீன் காலுக்கு வந்தது. ஓசூரின் ஆறு பேரும் மேற்கே சாய்ந்தார்கள். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் கிழக்கே நீளமாக ஒரு அடி அடித்தான். ஜெய்சன் பறந்தான். மெத்தைப் புல்லில் பந்து கைக்குழந்தை மாதிரி அவன் காலடியிலேயே கிடந்தது. கூடவே கோட்டுக்கு வெளியே ஒரு மஞ்சள் சட்டை பறந்தது. இசக்கிச்செல்விக்கு நாலு மாசத்தில் முதல் வேலை. கொடியைப் பிடித்துக்கொண்டு அவர் ஓடிய ஓட்டத்துக்கே கிழக்குக் காலரி எழுந்து நின்று விசிலடித்தது. ஜெய்சன் கோடி வரைக்கும் போய்ப் பந்தை உள்ளே தூக்கினான். காஜா முகைதீன் தலை. வலை குலுங்கியது. இரண்டுக்கு ஒன்று.

கணேஷ்ராம் கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்தில் ஹெப்ரான் புத்தகத்தையும் மைதானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். முப்பத்தாறாம் பக்கத்தில் வெள்ளையாகக் கிடந்த இடத்தில்தான் அத்தனையும் நடந்துகொண்டிருந்தது.

"இது பொஸ்தகத்துல இல்லியே வே?"

அதற்குள் மறுபடியும் கிழக்கே பந்து போய்விட்டது. ஓசூர்ப் பயிற்சியாளர் கோட்டோரம் நின்று கையை ஆட்டிக் கத்தினார், கிழக்கே போங்கள், கிழக்கே! அவருடைய ஆட்கள் குழம்பினார்கள். ஒரு வாரமாக மேற்கு மேற்கு என்று உருப்போட்டவர்கள். மூன்று பேர் கிளம்பினார்கள், மூன்று பேர் கிளம்பவில்லை, நடுவில் ஒரு வண்டி போகிற அளவுக்கு வழி திறந்தது. ஜெய்சன் அந்த வழியாக உள்ளே புகுந்தான். ஒருவனைத் தாண்டினான். இன்னொருவன் காலை நீட்டினான், காலுக்கு மேல் தாவினான். கோல்கீப்பர் முன்னால் வந்தான். இவன் பந்தைப் பைய, ரொம்பப் பைய, அவன் காலுக்கு நடுவே உருட்டிவிட்டான்.

இரண்டுக்கு இரண்டு! எழுபத்தொன்றாவது நிமிஷம். காலரிக் கூரைத் தகரம் அதிர்ந்தது. தலைவர் என்பதையும் மறந்து பெருமாள்ராஜ் அண்ணாச்சி துண்டைச் சுழற்றினார். துண்டு பறந்து ஒரு போலீஸ்காரர் தொப்பி மேல் விழுந்தது.

அந்நேரம் கணேஷ்ராமுக்கு ஏதோ ஆகிவிட்டது. ஒரு லட்சத்து இருபதாயிரம் மறந்தது. கல்லூரி மறந்தது. பக்கத்தில் இருப்பது யார் என்பதே மறந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, கணினித் திரையில் இல்லாத ஒரு பந்தை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து நின்று, கழுத்து நரம்பு புடைக்க, தன் அறுபத்துநாலு பக்கத்துக்கு எதிராக அவரே கத்தினார்: "கெழக்க! கெழக்க அடிலே! கெழக்க!"

எண்பத்தெட்டாவது நிமிஷம். காஜா முகைதீன் பந்தைத் தூக்கிப் போட்டான். ஓசூரின் கடைசித் தடுப்பாளன் ஓரடி முன்னால் வந்தான். ஜெய்சன் ஓடினான். ஆஃப்சைடா? இல்லையா? பந்தை நிறுத்தினான், திரும்பினான், அடித்தான். பந்து கம்பத்தில் பட்டு உள்ளே விழுந்தது. ஆனால் யாரும் ஆரவாரம் செய்யவில்லை. எட்டாயிரம் பேரும் மைதானத்தின் கிழக்கு ஓரத்தைப் பார்த்தார்கள்; அங்கே கொடி உயர்ந்தால் கோல் செல்லாது. அங்கே இசக்கிச்செல்வி நின்றார், கடைசித் தடுப்பாளனுக்கு நேராக, ஒரு மயிரிழை பிசகாமல். கொடி தொடையோரம் தொங்கியது. ஓசூர்க்காரர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள்.

"தள்ளி நில்லுங்கலே. நாலு மாசமா இந்தக் கோட்டத் தவிர வேற எதையும் நான் பாக்கல. எனக்கா தெரியாது?"

கொடி ஏறவில்லை. நடுவர் விசில் ஊதினார். கோல். மூன்றுக்கு இரண்டு.

பிறகு நடந்தது எது என்று யாராலும் வரிசையாகச் சொல்ல முடியாது. வேலியைத் தாண்டி ஆட்கள் குதித்தார்கள். ஜெய்சனைத் தூக்கினார்கள். இஸ்ரவேல் சாரைத் தூக்க வந்தவர்களிடம் "பைய, பைய" என்று கெஞ்சினார், முட்டுவலி. கணேஷ்ராம் முன்பின் தெரியாத ஒரு கடலை வியாபாரியைக் கட்டிப்பிடித்து அழுதார்.

கூட்டம் கொஞ்சம் கரைந்ததும், புதுச்சட்டை கிழிந்த நிலையில் ஹெப்ரானிடம் போனார். இனி ஒளிக்க என்ன இருக்கிறது?

"சார், மன்னிச்சுருங்க. வியூகம்னு ஒண்ணு கெடையாது. எல்லாம் நெழல். காலரி நெழல் எங்க விழுந்துச்சோ அங்க ஆடுனானுவ. இன்னிக்கு மேகம். நெழல் இல்ல, கெழக்க போயிட்டானுவ. அவ்வளவுதான்."

ஹெப்ரான் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"யார்ட்ட வே கத விடுதீரு? நான் பாளையங்கோட்டையில பொறந்தவன். பாளையங்கோட்டக்காரன்ட்டயே நெழல் கதையா?" புத்தகத்தை உயர்த்திக் காட்டினார். "அறுவத்துநாலு பக்கத்துக்குப் பொய்ய எழுதி, அச்சுப் போட்டு, எதிராளிக்கே கூரியர்ல அனுப்பி, நாலு மாசம் மேக்க ஆடிக் காட்டி, கடைசி நாளு கெழக்க அடிச்சீரு பாரும்! இருவது வருசத்துல இப்பிடி ஒரு மூளைய நான் பாக்கல. கேட்டா நெழலுங்கீரு. ரகசியத்த வெளிய விடல பாத்தீரா, அதுதான் வே தொழிலு."

"சார், சத்தியமா நெழல்தான்..."

"சரி சரி, நெழல்தான். நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

கோட்டுப் பையிலிருந்து ஆர்டரை எடுத்து, மடித்த முழங்கால் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். மூன்று வருஷ ஒப்பந்தம். பெருமாள்ராஜ் அண்ணாச்சி சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, இந்த யோசனையைத் தான்தான் கூரியர் வழியாகச் செயல்படுத்தியதாகப் பத்திரிகைகளுக்குப் பேட்டி கொடுத்தார்.

ஜூலை முதல் வாரம் கணேஷ்ராம் மாலை மரியாதைகளோடு கேரளத்துக்கு ரயிலேறி வேலையில் சேர்ந்தார்.

அரபிக்கடல் எஃப்.சி. தன்னுடைய எல்லா ஆட்டங்களையும் இரவு ஏழரை மணிக்கு, மின்விளக்கு வெளிச்சத்தில் ஆடுகிறது.